பாசிப்பயறு நிறச் சட்டை

முதலில் தப்பு செய்தது தவசிலிங்கம்தான். அவர் மேலக்கரிசலில் பெரிய உப்பு வியாபாரி, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முதல் வரி கொடுக்கிறவர், எதிரே வருகிறவர்கள் அண்ணாச்சி என்று மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிற மனிதர், எல்லாம் உண்மைதான், ஆனாலும் முதலில் தப்பு செய்தது அவர்தான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். இரண்டாவதாகத் தப்பு செய்தவர் அவருடைய அப்பா, மூன்றாவது ஸ்டூடியோக்காரர். அவர்கள் இரண்டு பேரும் செத்துப் போய்விட்டதால் தம்பி வெயிலுமுத்து அவர்களை மன்னித்துவிட்டார். அண்ணன் உயிரோடு இருந்தார்.

இருவரும் இளவட்டங்களாக இருந்த ஒரு கொடைக்கு அவர்களுடைய அம்மா பிச்சம்மாள் ஒரே மில் துணியில் இரண்டு சட்டைக்கு எடுத்தாள். பிறந்ததிலிருந்து அண்ணனுக்குச் சிறுத்துப்போன சட்டைகளையே போட்டு வளர்ந்த வெயிலுமுத்து அந்த வருஷம் உயரத்தில் அண்ணனை எட்டிப் பிடித்திருந்தார், இனி மேலேயிருந்து சட்டை இறங்கி வராது, தனக்கென்று ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்று கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நிறத்தை அவரவரே சொல்லுங்கள் என்றாள் அம்மா. தவசிலிங்கம் எதுவானாலும் சரி என்று தெருவைப் பார்த்தபடி இருந்தார். வெயிலுமுத்து கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, அடுக்கையெல்லாம் கலைத்து, கடைசியில் பாசிப்பயறு நிறத்தில் ஒன்றைத் தொட்டார். அண்ணனுக்கு அம்மாவே காணப்பயறு நிறத்தில், அதாவது கொள்ளுப் பழுப்பில், எடுத்தாள். ஒரே தையல்காரர், ஒரே அளவு, ஒரே பொத்தான். அம்மா இரண்டுக்கும் கழுத்துப்பட்டைக்கு உள்ளே ஆள்காட்டி விரலால் மஞ்சள் தொட்டு வைத்தாள்.

கொடை முடிந்த மறுநாள் குடும்பமாகப் படம் எடுக்கப் போவதாக ஏற்பாடு. வெயிலுமுத்து அந்தச் சட்டையைக் கொடைக்குக்கூடப் போடாமல் படத்துக்கென்று வைத்திருந்தார். கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அண்ணன் அதைப் போட்டு, மேல் பொத்தான்வரை மாட்டி, தலைசீவிக்கொண்டு நிற்கிறார். கழற்று என்றார் இவர். இது என் சட்டை என்றார் அவர். எந்தச் சட்டையானால் என்ன, இருக்கிறதைப் போடு என்றார் அப்பா. காணப்பயறு நிறத்தைப் போட மாட்டேன் என்று பனியனோடு ஸ்டூடியோவரைக்கும் அழுதுகொண்டு போனார் வெயிலுமுத்து. பனியனோடு படத்தில் நிற்கக் கூடாது என்று அப்பா கன்னத்தில் ஒன்று வைத்து வெளியே தள்ளினார், வெளிச்சம் வருகிறது என்று ஸ்டூடியோக்காரர் கதவைச் சாத்தினார், உள்ளே அப்பாவும் அண்ணனும், அண்ணன் தோளில் கை வைத்தபடி அம்மாவும் படமானார்கள். அடுத்த கொடை வருவதற்குள் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. அம்மா இருக்கிற ஒரே படத்தில் வெயிலுமுத்து இல்லை, அவருடைய சட்டை மட்டும் இருக்கிறது, அதன்மேல் அம்மாவின் கை இருக்கிறது.

அண்ணன் அந்தச் சட்டையைக் கிழிகிறவரை போட்டார். காணப்பயறு நிறச் சட்டையை ஒருவரும் போடாமல் பெட்டியிலேயே பூச்சி தின்றது. அப்புறம் கொஞ்ச காலத்தில், அப்பாவின் மிளகாய் மண்டியில் உட்கார மாட்டேன், எனக்கு உப்புதான் வேண்டும் என்று தவசிலிங்கம் கிளம்பிப் போனார், மிளகாய் நெடியும் தும்மலும் தம்பியின் தலையில் விழுந்தன. உப்பு பெருத்தது. மிளகாய் இருந்த இடத்திலேயே இருந்தது. அதையும் வெயிலுமுத்து மறக்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை என்றால் அடியோடு பேசுவதில்லை என்று இல்லை. அண்ணன் பெண்டாட்டி சொர்ணத்தாயை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். ஒரே அறையில் இருந்தாலும், கொழுந்தன்கிட்ட சொல்லு, மழை வரும் போலிருக்கு, வத்தலை அள்ளச் சொல்லு என்பார் அவர். மதினி, உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க, வானத்தை எனக்கும் பார்க்கத் தெரியும் என்பார் இவர். சொர்ணத்தாய் எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள். இரண்டு பேர் பேச்சும் அவள் வழியாக நடந்து போய் அந்தப் பக்கம் சேர்ந்துவிடும், அவள் பாட்டுக்கு வெங்காயம் உரிப்பாள்.

தவசிலிங்கத்துக்கு எழுபது முடிந்தபோது, கோயம்புத்தூரில் இருக்கும் மருமகள் ஜீவிதா குடும்பமாக ஒரு படம் எடுத்தே தீர வேண்டும் என்று ஆரம்பித்தாள். இப்போதெல்லாம் படம் என்றால் போய் நின்றுவிட்டு வருவது இல்லையாம், எல்லோரும் ஒன்றுக்கொன்று சேர்கிற நிறத்தில் உடுத்த வேண்டுமாம். அவள் பை பையாகத் துணிகளைக் கொண்டுவந்து கூடத்துக் கட்டிலில் பரப்பினாள். நீலம் என்றால் மாமியார் தன் கறுப்புக்கு எடுக்காது என்றாள், மஞ்சள் என்றால் மகன் நான் என்ன நாதஸ்வரக்காரனா என்றான், ரோஸ் என்றதும் பேத்திகள் தவிர எல்லோரும் எழுந்து போனார்கள். தவசிலிங்கம் மட்டும் எதுவானாலும் சரி என்றார். வெயிலுமுத்துக்கும் ஒரு சட்டை எடுத்திருந்தாள் ஜீவிதா. அவர் பின்வாசல் வழியாக அடுக்களைவரைக்கும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, சொர்ணத்தாயிடம் சொன்னார்:

“மதினி, என் சட்டையைக் குடுக்கச் சொல்லுங்க. வந்து நிக்கேன்.”

“எந்தச் சட்டை தம்பி? அது நூலாப் போயி எம்புட்டு காலமாச்சு.”

“அது எனக்குத் தெரியாது. அதுதான் வேணும்.”

அப்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய படத்திலிருந்து சட்டை இறங்கியது. அவசரமில்லாமல் இறங்கியது. முதலில் ஒரு கை கண்ணாடிக்கு வெளியே வந்து தொங்கியது, பிறகு மற்றக் கை, பிறகு அம்மாவின் விரல்களுக்கு அடியிலிருந்து தோளை மெல்ல உருவிக்கொண்டு, கொடியில் காய்ந்த துணி காற்றுக்கு நழுவுகிற மாதிரி நழுவி, கட்டிலில் ஜீவிதா பரப்பி வைத்திருந்த துணிகளுக்கு மேலே வந்து விழுந்தது. ஜீவிதா அதை எடுத்து உதறி, இது யார் அளவு என்று கேட்டாள். சொர்ணத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தாள். படத்தில் அவள் புருஷன் மேல்சட்டை இல்லாமல், விலா எலும்பு தெரிய நின்றுகொண்டிருந்தார், மாமியாரின் கை வெறும் தோளில் இருந்தது. “இப்படி ஒல்லியா இருந்தவரையா எனக்குக் கட்டி வச்சாங்க” என்றாள்.

சட்டை வந்தது, ஆனால் படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. சாம்பல் நிறம் என்று சொல்ல முடியாது, சாம்பலுக்கும் ஒரு நிறம் உண்டு. மழைக்கு முந்தின வானத்தை ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருந்தது அது. வெயிலுமுத்து அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“சட்டை வந்துட்டு மதினி. நிறம் எங்க?”

தவசிலிங்கம் ஈசிச்சேரில் சாய்ந்தபடி பெண்டாட்டியிடம் சொன்னார், அது காணப்பயறு நிறம், அது என் சட்டைதான், இருந்தாலும் கேட்கிறவன் வைத்துக்கொள்ளட்டும் என்று. வெயிலுமுத்து சட்டையைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு, பிச்சை வாங்க நான் வரவில்லை, அது பாசிப்பயறு நிறம் என்று இந்த வீட்டில் ஒருவர் வாயால் வரட்டும், அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

பொழுது விடிந்தால் ஊர் முழுக்க இதே பேச்சு. படத்திலிருந்து சட்டை இறங்கியதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பிடிக்காத இடத்தில் எத்தனை காலம்தான் மாட்டிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நிறம் என்ன என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. டீக்கடையில் பாசிப்பயறு கட்சி ஒரு பெஞ்சிலும் காணப்பயறு கட்சி ஒரு பெஞ்சிலும் உட்கார்ந்தன. சலவைக்காரர் வந்து உவர்மண் போட்டு அலசிப் பார்த்தார், அழுக்கும் போகவில்லை, நிறமும் வரவில்லை. சாயப்பட்டறைக்காரர் சட்டையின் ஒரு கையைப் பச்சையில் முக்கிப் பார்த்தார், சேம்பு இலையில் விழுந்த தண்ணீராகச் சாயம் உருண்டு ஓடியது, சட்டை நனையக்கூட இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் வரிசையில் நின்று அதைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொருவரும் ஒரு நிறம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் மட்டும், எனக்குச் சின்ன வயதில் இதே நிறத்தில் ஒரு பசு இருந்தது என்று அதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டுப் படங்களைக் கழற்றித் துடைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் மாப்பிள்ளைகளுக்கென்று ஒரு கோட்டு தொங்கும். ஊரில் பாதி மாப்பிள்ளைகள் அந்த ஒரே கோட்டைப் போட்டுத்தான் கல்யாணப் படம் எடுத்திருந்தார்கள். அந்தக் கோட்டு இறங்கினால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பனியனோடு நிற்க வேண்டிவருமே என்று சில வீடுகளில் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள், சில வீடுகளில் சட்டத்தைச் சுற்றிச் சணல் கட்டினார்கள். வளைகாப்புப் படத்தில் அக்காளின் பட்டுப்புடவையைக் கட்டியிருந்த ஒருத்தி, அது தானாகக் கிளம்புவதற்குள் நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று புடவையோடு பஸ் ஏறினாள். துணிக்கடையில் யாரும் சீண்டாமல் கிடந்த வெளிறிய பீஸையெல்லாம் முன்னுக்குக் கொண்டுவந்து, படச்சட்டைத் துணி என்று விற்றார்கள். படம் எடுக்கப் போவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவள் ஒவ்வொரு துணியையும் தொட்டு, இது யாருது என்று கேட்பதும், உடுத்துகிறவர் என்னுது என்று வாய்விட்டுச் சொல்வதும் அப்போது வந்த பழக்கம்தான். இன்றைக்கும் மேலக்கரிசலில் அப்படிச் சொல்லாமல் யாரும் கேமரா முன்னால் நிற்பதில்லை.

ஜீவிதாவுக்குத்தான் பெரிய கஷ்டம். சின்ன மாமாவின் சட்டை பாசிப்பயறு என்றால் எல்லோரையும் அதே பச்சையில் நிறுத்திவிடலாம், காணப்பயறு என்றால் சந்தன நிறம் எடுக்க வேண்டும், நிறம் முடிவாகாமல் அவளால் ஒரு ரவிக்கைகூடத் தைக்கக் கொடுக்க முடியவில்லை. படம் எடுக்கும் ஜெபராஜை வரவழைத்தாள். பழைய ஸ்டூடியோக்காரரின் மகன் அவர். ஜெபராஜ் அந்தச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பாசிப்பயறு நிறத்தில் ஒரு துண்டும் காணப்பயறு நிறத்தில் ஒரு துண்டும் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினார். இரண்டும் ஒன்றாக இருந்தன. சட்டையைப் போலவே இருந்தன.

“கேமராவைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் ஜெபராஜ்.

பின்வாசலில் நின்ற வெயிலுமுத்து அதைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்க் களத்தில் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தவருக்கு அந்த வார்த்தை மண்டைக்குள் மிளகாய் விதையாக ஒட்டிக்கொண்டது. கேமராவுக்கு இரண்டும் ஒன்று என்றால், கேமரா மாதிரி கண்ணு உள்ள மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அவருக்குக் கோபம் வரவில்லை, அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, பதிலாக ஒரு குறுகுறுப்பு வந்தது. அண்ணன் சந்தைக்குப் போனால் காயும் பழமுமாகத் தக்காளி வாங்கி வருவதும், சொர்ணத்தாய் திட்டுவதும், அப்புறம் அவரைத் தக்காளிக்கே அனுப்பாமல் விட்டதும் ஞாபகம் வந்தன. துணிக்கடையில் அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. உலகத்தில் எத்தனையோ வியாபாரம் இருக்க, வெள்ளையைத் தவிர வேறு நிறமே இல்லாத ஒன்றைத் தேடிப் போய்ப் பிடித்தது ஞாபகம் வந்தது. களத்து ஓரத்துச் செடியிலிருந்து இரண்டு மிளகாயைப் பறித்தார், ஒன்று பச்சை, ஒன்று பழம், இரண்டும் ஒரே நீளம், ஒரே வழவழப்பு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வாடினால் மறுநாள் வேறு இரண்டு பறித்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முடிவாகிறதோ இல்லையோ படம் எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஜீவிதா இரண்டு கட்சிக்கும் துணி எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள். முதலில் பச்சையில் ஒன்று எடுத்துப் பார்ப்போம், மாமா, அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றாள். தவசிலிங்கம் கட்டிலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், காணப்பயறு நிறத்தில் போட்டுக்கொண்டு வந்தார். மகன் சிரித்தான், அப்பா கட்சி மாற மாட்டார் என்றான். பேத்திகளும் சிரித்தார்கள். தவசிலிங்கமும் கூடச் சேர்ந்து சிரித்தார், ஆனால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர் மற்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பதை வெயிலுமுத்து பார்த்தார்.

வெயிலுமுத்து அன்றைக்கு முன்வாசல் வழியாக வந்தார். நேரே போய் அண்ணனின் கையைப் பிடித்து விரித்து இரண்டு மிளகாயையும் வைத்தார். அத்தனை வருஷத்தில் அண்ணனிடம் அவர் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

“இதுல பழம் எது?”

தவசிலிங்கம் வழக்கப்படி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் இந்த முறை நடுவில் நிற்கவில்லை. அவர் மிளகாயை உருட்டினார், முகர்ந்தார், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

“ரெண்டும் மொளகாதானல.”

“பழம் எதுன்னு கேட்டேன்.”

“தெரியாது” என்றார் தவசிலிங்கம். “எப்பவுமே தெரியாது.”

சொர்ணத்தாய் கட்டிலில் துணிகளுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “அதான் என் செவப்பு முகூர்த்தப் புடவையைப் பார்த்துட்டு, இந்தக் காணப்பயறு கலரு உனக்கு எடுப்பா இருக்குன்னு சொன்னீயளா? நான் கேலி பண்ணுதீயன்னு நெனச்சு ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்தேனே.”

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னது. அன்றைக்குத் தன் சட்டை என்று நினைத்துத்தான் எடுத்துப் போட்டாராம், தம்பி வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறான் என்று நினைத்தாராம். அப்பா மண்டியில் உட்கார வைத்துப் பழத்தையும் காயையும் பிரிக்கச் சொன்னபோது, பிரித்து வைத்த இரண்டு குவியலையும் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பில்தான் தன் கண் வேறு மாதிரி என்று தெரிந்ததாம். நிறம் தெரியாதவன் என்று ஊரில் பேர் வாங்குவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கிக்கொள்ளலாம் என்று உப்புக்குப் போனாராம். உப்பு யாரையும் ஒன்றும் கேட்பதில்லை என்றார்.

வெயிலுமுத்து எல்லாவற்றையும் கேட்டார். கட்டிலில் கிடந்த நிறமில்லாத சட்டையை எடுத்தார். சொர்ணத்தாய் அதைத் தொட்டு, புதிதாக வந்த வழக்கப்படி, இது யாருது என்று கேட்டாள். என்னுது என்றார் அவர். போட்டுப் பொத்தான் மாட்டினார். படத்தில் இருந்த சட்டை சுருங்கவும் இல்லை, கிழியவும் இல்லை, அவருக்குக் கச்சிதமாக இருந்தது. கழுத்துப்பட்டைக்கு உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கறை, அதுவும் நிறமில்லாமல்தான் இருந்தது, ஆனால் பொத்தானை மாட்டும்போது அதிலிருந்து மஞ்சள் வாசம் வந்தது.

ஜீவிதா மெல்ல, அப்போது சின்ன மாமா சொன்ன நிறம்தானே என்று கேட்டாள். எல்லோரும் பாசிப்பயறு நிறத்துக்கு மாறி வந்தார்கள், மகன், பேத்திகள், சொர்ணத்தாய், கடைசியில் தவசிலிங்கம். அவர் கதவைத் தாண்டும்போது சட்டையின் நுனியைப் பிடித்துத் தம்பியிடம் காட்டினார்.

“இதுதானா?”

“அதுதான்.”

“நல்லா இருக்கா லே அந்த நிறம்?”

“நல்லா இருக்கும்” என்றார் வெயிலுமுத்து. “எனக்குத்தான் போட்டுப் பார்க்கக் குடுத்து வைக்கல.”

ஜெபராஜ் அவர்களை வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தினார். நடுவில் நிறமில்லாத சட்டையோடு வெயிலுமுத்து, சுற்றிலும் மற்ற எல்லோரும் அவருடைய சட்டையின் நிறத்தில். வெயிலுமுத்து முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல், பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“அறியாம எடுத்தது சரி. மண்டியில உக்காந்தப்ப தெரிஞ்சு போச்சுல்ல. அன்னைக்கு இல்லாட்டியும் அதுக்கப்புறமாவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? பக்கத்து வீடுதான.”

தவசிலிங்கம் வாயைத் திறந்தார்.

“வெளிச்சம் போகுது அண்ணாச்சி, யாரும் பேசாதீங்க” என்றார் ஜெபராஜ்.

அவர் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, என்ன நினைத்தாரோ, தம்பியின் தோளில் கையை வைத்தார், பழைய படத்தில் அம்மாவின் கை இருந்த அதே இடத்தில். வெயிலுமுத்து தோளை அசைக்கவில்லை. அசைத்தால் படம் கெட்டுவிடும்.

புதுப்படம் இப்போது பழைய படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சட்டையில்லாமல் நிற்கிற அண்ணனைக் கழற்றி உள்ளே வைக்கலாம் என்று ஜீவிதா சொல்லிப் பார்த்தாள், சொர்ணத்தாய் விடவில்லை, இருக்கட்டும், காற்றாட நிற்கட்டும் என்றுவிட்டாள். டீக்கடையில் இரண்டு கட்சியும் ஒரே பெஞ்சில் உட்காருகின்றன. பக்கத்து ஊர் வேன்கள் வருவது நின்றுவிட்டது. வெயிலுமுத்து அந்தச் சட்டையை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

காலையில் நடக்கப் போய்விட்டுத் திரும்பும்போது தவசிலிங்கம் தம்பி வீட்டில் நுழைந்து சட்டைக்கு நேர் எதிரே உட்காருகிறார். நடுவில் ஆள் வைக்காமல்தான் பேசுகிறார்கள். உப்பளத்தில் மழை பெய்து கெட்டதைச் சொல்கிறார், வத்தல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார், காப்பி குடிக்கிறார். குடித்த டம்ளரைக் கீழே வைக்கும்போது ஒவ்வொரு நாளும் ஏதோ சொல்ல வருகிற மாதிரி ஒரு முறை தொண்டையைச் செருமுகிறார். வெயிலுமுத்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். அப்புறம் வாரேம்லே என்று அண்ணன் எழுந்து போகிறார்.

முதலில் பேசியதும் வெயிலுமுத்துதான் என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டை வந்துவிட்டது. தப்புதான் என்கிற அந்த வார்த்தை இன்னும் வரவில்லை. தர வேண்டியவர் அண்ணன்தான்.